உள்ளூர் வரலாற்று இதழ்களுக்குக் கல்வெட்டுக் கட்டுரை விடுத்தல்: பாடமும் காலக்கணிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

புதிதாகக் கண்டறியப்பட்ட கல்வெட்டை அறிமுகப்படுத்தும் கட்டுரையின் மதிப்பு, அது கூறும் முடிவைவிட, அம்முடிவைப் பிறர் சரிபார்ப்பதற்கு அது தரும் சான்றுகளையே சார்ந்துள்ளது. அத்தகைய கட்டுரையை இதழுக்கு விடுக்குமுன் கருத்தில் கொள்ள வேண்டியவற்றை, குறிப்பாகப் பாடம், காலக்கணிப்பு ஆகியவற்றை, இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, பாடம், ஆட்சியாண்டு, பரகேசரி, வட்டார வரலாறு

முன்னுரை

தமிழக வட்டார வரலாற்றுக்கான மூலச்சான்றுகளுள் பெரும்பகுதி கல்வெட்டுகளே. அவற்றைப் படியெடுத்து வெளியிடும் பணி அரசுத் துறைகளோடு நின்றுவிடவில்லை. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டு வரும் ‘ஆவணம்’ போன்ற இதழ்களில் பள்ளி ஆசிரியர்களும் ஆர்வலர்களும் தம் வட்டாரத்துக் கல்வெட்டுகளைத் தொடர்ந்து அறிமுகப்படுத்தி வந்துள்ளனர். திருப்பணியின்போது கற்கள் இடம் மாற்றி அடுக்கப்படுவதும், எழுத்துள்ள பகுதி தரைக்குள் மறைவதும், மணல்வீச்சால் எழுத்துகள் தேய்வதும் நேர்ந்துள்ளன. அந்நிலையில் இதழில் அச்சான பாடமே எஞ்சும் ஒரே சான்றாகிவிடுகிறது. அதில் பிழை இருப்பின், கல்லிடம் திரும்பிச் சென்று திருத்திக்கொள்ளும் வாய்ப்பு பின்வருவோர்க்கு இல்லை.

முன்பதிவைத் தேடுதல்

‘இதுவரை வெளிவராதது’ என்னும் தொடரை எழுதுமுன், 1887 முதல் தொடங்கும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளையும் பார்த்தாக வேண்டும். இத்தேடலில் இடறல் தருவது மாவட்டப் பெயர். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஊர் ஒன்றைப் பழைய அறிக்கையில் திருச்சிராப்பள்ளி மாவட்டம், உடையார்பாளையம் வட்டம் என்னும் தலைப்பின்கீழ்த் தேட வேண்டும். புதுக்கோட்டைப் பகுதி 1948 வரை தனிச் சமத்தானமாக இருந்தமையால், அதன் கல்வெட்டுப் பாடங்கள் 1929இல் தனித்தொகுதியாக வெளிவந்தன. ஆண்டறிக்கையில் பதிவெண்ணும் சுருக்கமும் மட்டும் இடம்பெற்று, முழுப்பாடம் அச்சேறாத கல்வெட்டுகளும் பல. அவற்றின் பாடத்தை வெளியிடுவதும் பயனுள்ள பணியே. எனினும் அதனைக் ‘கண்டுபிடிப்பு’ என்று கூறாமல் ‘பாடம் முதன்முறையாக வெளியிடப்படுகிறது’ என்று கூறுவதே பொருந்தும்.

பாடத்தைத் தருதல்

பாடம் வரி எண்களுடன், கல்லில் உள்ளவாறே அமைய வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. எனவே கல்லில் ‘கொப்பரகெசரி’ என இருப்பதைப் பதிப்பாளர் ‘கோப்பரகேசரி’ எனப் படிக்கிறார். இவ்விரண்டில் எது பாடத்தில் தரப்பட்டுள்ளது என்பதை ஒரு வரியில் தெரிவித்துவிடுதல் நன்று. ஐயத்திற்குரிய எழுத்துகளை அடைப்புக்குறிக்குள்ளும், சிதைந்தவற்றைப் புள்ளிகளாலும் காட்டும் வழக்கத்தைத் தளர்த்தலாகாது. ஊகித்து நிரப்பிய சொல் அடைப்புக்குறியின்றி அச்சேறிவிட்டால், அடுத்து மேற்கோள் காட்டுவோர் அதனைக் கல்லில் உள்ள சொல்லாகவே கொள்வர்.

இணைய இதழ்களைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கலும் உண்டு. கிரந்த எழுத்துகளைத் தடித்த எழுத்தால் வேறுபடுத்திக் காட்டும் வழக்கம் உள்ளது. எழுத்துரு மாற்றத்தின்போது அத்தடிப்பு மறைந்துவிட்டால் வேறுபாடும் மறைந்துவிடும். தமிழ் எண்களுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. பாடப்பகுதியின் படக்கோப்பு ஒன்றையும் உடன் அனுப்புவது இதற்கு எளிய காப்பு.

காலக்கணிப்பு

திருப்பி அனுப்பப்படும் கட்டுரைகள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் பூண்டனர். ஆகவே ‘கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு’ என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு விசயாலயன், முதற் பராந்தகன், உத்தமசோழன் முதலியோருள் எவருடையதாகவும் இருக்கக்கூடும். ‘மதிரை கொண்ட’ என்னும் அடைமொழி இருப்பின் பராந்தகன் (907-955) என்றும், ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என இருப்பின் இரண்டாம் ஆதித்தன் என்றும் கொள்ளலாம். அடைமொழி இல்லாதபோது ஆட்சியாண்டே துணை.

சான்றாக, ஆண்டு ‘௨௰௭’ எனப் பொறிக்கப்பட்டு, முதல் இரு குறிகள் சிதைந்துள்ளதாகக் கொள்வோம். எஞ்சியதை மட்டும் படிப்பவர் 7 என்பார். அவ்வாண்டு மேற்கூறிய மூவருக்குமே பொருந்தும். சிதைந்த குறிகளையும் மீட்டுப் படிப்பவர் 27 என்பார். தொடக்கக்காலச் சோழருள் பரகேசரிப் பட்டத்துடன் அத்தனை ஆண்டுகள் ஆண்டவன் பராந்தகன் ஒருவனே. உத்தமசோழனின் ஆட்சி ஏறத்தாழ 15 ஆண்டுகளே. இரு குறிகளின் சிதைவு, ஒரு கோயிலின் காலத்தைப் பல பத்தாண்டுகள் முன்பின்னாக மாற்றிவிடக் காண்கிறோம். இந்நிலையில் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கூறலாம். ஆனால் எழுத்தமைதி தருவது ஒரு நூற்றாண்டு அளவிலான வரையறையே. ‘எழுத்தமைதியால் கி.பி. 934’ எனத் துல்லிய ஆண்டு கூறும் கட்டுரையை எந்த மதிப்பீட்டாளரும் ஏற்பதற்கில்லை. சக ஆண்டு தரப்பட்டிருப்பின் 78ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும். திதி, கிழமை, நாண்மீன் ஆகியனவும் உடனிருப்பின், எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளைக் கொண்டு நாளையே சரிபார்க்க இயலும்.

கண்டுபிடிப்பு முதலில் நாளிதழ்ச் செய்தியாக வெளிவருவது இன்று இயல்பாகிவிட்டது. அதில் தவறில்லை. எனினும் செய்தியில் விரைந்து கூறிய காலத்தை, பின்னர்க் கட்டுரையில் மாற்றிக்கொள்ளத் தயங்குவோர் உளர். மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடுவது கட்டுரையின் நம்பகத்தன்மையை உயர்த்தவே செய்யும்.

இடக்குறிப்பும் நன்றியும்

கோயிற் கல்வெட்டாயின் எத்திசைச் சுவர், அதிட்டானத்தின் எவ்வுறுப்பு என்பதும், தனிக்கல்லாயின் ஊரிலிருந்து திசையும் தொலைவும் வேண்டும். ஆனால் காவலற்ற வெளியில் கிடக்கும் சிற்பங்களின் துல்லிய இடத்தை இணையத்தில் தருவது களவுக்கு வழிகாட்டுவதாகலாம். அதனை இதழாசிரியருக்கும் தொல்லியல் துறைக்கும் மட்டும் தெரிவித்தல் போதுமானது. கல்லை முதலில் காட்டிய மேய்ச்சற்காரர், குருக்கள் ஆகியோரின் பெயர்கள் பல கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. அவர்களின் இசைவோடு அப்பெயர்களையும் சேர்த்தல் முறை.

ஒளிப்படத்தில் அளவுகோல் இருத்தல் வேண்டும். நண்பகல் ஒளியில் எடுத்த படத்தில் ஆழமற்ற எழுத்துகள் புலப்படா. காலை அல்லது மாலைச் சாய்வொளியில் எடுத்த படமும் மைப்படியும் இணைக்கப்படின், மதிப்பீட்டாளர் பாடத்தை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க இயலும். பாடத்தில் ஐயம் தெரிவித்து அவர் கட்டுரையைத் திருப்பினால், மறுமொழி எழுதுமுன் ஒருமுறை கல்லிருக்கும் ஊருக்கே சென்று வருவது நலம்.