சந்தா இல்லாத சங்கம்! அம்பத்தூர் ஏரிக்கரையில் கூடும் தூண்டில்காரர்கள்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. திருமுல்லைவாயிலில் வெளிச்சம் இன்னும் முழுசாக வரவில்லை. சி.டி.எச். ரோட்டில் டீக்கடை பாய்லர் மட்டும் கொதிக்கிறது.

கடை வாசலில் ஒரு சைக்கிள். அதன் பாரில் நீளவாக்கில் கட்டிய மூங்கில் கழி. ஹேண்டில்பாரில் பழைய பெயிண்ட் டப்பா. டப்பாவுக்குள் ஈர மண். மண்ணுக்குள் புழு!

பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. வாலிபர் ஒருவர் இறங்குகிறார். முதுகில் மடக்குத் தூண்டில். அவரிடமும் ஒரு டப்பா உண்டு. அதில் புழு இல்லை. ரப்பர் தவளை!

"என்ன தம்பி, எந்தப் பக்கம்?"

"கலங்கல் பக்கம்ண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. டீயைக் குடித்துவிட்டு இருவரும் ஏரிப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள்.

யார் இவர்கள்?

திருமுல்லைவாயில் என்றால் மாசிலாமணீஸ்வரர் கோவில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தொண்டைமான் மன்னனின் யானைக் காலில் முல்லைக் கொடி சுற்றிய கதையும், கோவிலில் உள்ள வெள்ளெருக்குத் தூண்களும் பிரசித்தம். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு கொடுப்பினை உண்டு. சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் அம்பத்தூர் ஏரி. இன்னொரு பக்கம் அயப்பாக்கம் ஏரி.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன்பே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்துவிட்டது. ஷிப்டு வேலை, மெஷின் சத்தம், மேஸ்திரியின் ஏச்சு. வாரத்தில் ஒரு நாளாவது சத்தமில்லாத இடத்தில் உட்கார வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு ஏரிக்கரைதான் கிளப்!

இந்த கிளப்புக்குப் பெயர்ப் பலகை இல்லை. சந்தா இல்லை. தலைவர், செயலாளர் கிடையாது. ஆனாலும் கரையில் காண்போர் எல்லோரும் ஒருவரை ஒருவர் "தலைவரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள்! பிட்டரும் உண்டு, பாங்கு குமாஸ்தாவும் உண்டு, பேரனோடு வரும் ரிட்டயர்டு ஆசாமியும் உண்டு. ஒருவர் சம்பளம் என்ன என்று இன்னொருவர் கேட்பதில்லை. "ஏதாவது கடிச்சுதா?" என்பதுதான் வணக்கம்.

எழுதாத சட்டம் மட்டும் உண்டு. ஒருவர் போட்ட இடத்தில் இன்னொருவர் தூண்டிலைப் போடக்கூடாது. பக்கத்து ஆளின் தக்கை ஆடும்போது சத்தமாகப் பேசக்கூடாது. முள் போனால் கடன் கேட்கலாம். புழு தீர்ந்தால் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். அறுந்த தங்கூஸ் நரம்பைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறவனுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. கொக்கின் காலிலும் மாட்டின் வாயிலும் சிக்கிக்கொள்ளும் என்பதால்!

ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள் எங்கே என்பதும் இவர்களுக்குத்தான் அத்துப்படி. முழங்கால் தண்ணீர் என்று நினைத்து இறங்கினால் அடுத்த அடியில் ஆள் மறைந்துவிடும். அதனால் குளிக்க வரும் பையன்களைக் கண்டால் தூண்டிலை வைத்துவிட்டு எழுந்துபோய் விரட்டுகிறார்கள். பையன்கள் திட்டிக்கொண்டே போவார்கள். போகட்டும், உயிர் பிழைத்தால் சரி!

தக்கை பேசும் பாஷை

பழைய ஆட்களின் சாமான்கள் ரொம்பவும் எளிமை. மூங்கில் கழி. அதன் நுனியில் தங்கூஸ் நரம்பு. மயிலிறகுத் தண்டில் தக்கை. ஒரு ஈயக் குண்டு. ஒரு முள். ஆக மொத்தம் ஒரு சினிமா டிக்கெட் விலைகூட ஆகாது.

தக்கை ஆடுகிற விதத்தைப் பார்த்தே எந்த மீன் என்று சொல்லிவிடுவார்கள். 'டுக் டுக்' என்று தட்டித் தட்டி ஆடினால் ஜிலேபி கெண்டை. தக்கையை அப்படியே இழுத்துக்கொண்டு போனால் கெளுத்தி. ஜிலேபிக்கு மைதா மாவு உருண்டை போதும். கெளுத்திக்கு மண்புழு. விராலுக்குத் தவளை வேண்டும். அந்தத் தவளைதான் இப்போது வாலிபர்களின் டப்பாவில் ரப்பராக வருகிறது.

இன்னொரு விஷயம். ஜிலேபி கெண்டை நம் ஊர் மீன் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இல்லை! ஆப்பிரிக்க மீன். 1952-ல்தான் இந்தியாவுக்கு வந்தது. வந்த வேகத்தில் ஏரி, குளம், குட்டை எல்லாவற்றையும் வளைத்துப் போட்டுவிட்டது.

சீமையில் இப்படி ஒரு கிளப்

தூண்டில்காரர்கள் கிளப் வைப்பது உலகம் முழுக்க உண்டு. இங்கிலாந்தில் டெஸ்ட் என்ற ஆற்றங்கரையில் ஹவ்டன் கிளப் என்று ஒன்று 1822-ல் தொடங்கினார்கள். சில கனவான்கள் மட்டுமே அதில் மெம்பர். என்று, யார், எத்தனை மீன் பிடித்தார் என்பதை எல்லாம் நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள்!

அவர்கள் பிடிப்பது ஈத் தூண்டில். அது என்ன?

முள்ளின் மீது இறகையும் நூலையும் சுற்றி, அசல் ஈ போலவே செய்கிறார்கள். அதற்கு எடையே கிடையாது. நம் தூண்டிலில் ஈயக் குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். ஈத் தூண்டிலில் இது தலைகீழ். நரம்புதான் கனம். அதை மாட்டுக்காரன் சாட்டை சொடுக்குவது போலத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீச வேண்டும். நரம்பு வளைந்து பறந்து போகும். அதன் நுனியில் ஈ பஞ்சு போலத் தண்ணீரில் இறங்கும். மீன் ஏமாந்து வாயைத் திறக்கும்!

இது இன்று நேற்று வந்த வித்தை இல்லை. மாசிடோனியா நாட்டில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமாபுரிக்காரர் எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானின் மலைகளில் 'தென்காரா' என்று ஒரு முறை. அதில் சக்கரம்கூட இல்லை. மூங்கில் கழி, நுனியில் கட்டிய நரம்பு, இறகு ஈ. அவ்வளவுதான். அம்பத்தூர் ஏரிக்கரைப் பெரியவரின் மூங்கில் கழிக்கும் அதற்கும் ஓர் இறகுதான் வித்தியாசம்!

நம் ஏரிகளைப் பற்றி ஒரு துரை எழுதிய புத்தகம்

சென்னை ராஜதானியில் ஹென்ரி சல்லிவன் தாமஸ் என்று ஒரு சிவிலியன் துரை இருந்தார். மீன் என்றால் அவருக்கு உயிர். 1873-ல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதோடு விடவில்லை. 1887-ல் இந்திய ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாகவே இன்னொரு புத்தகம் எழுதினார்! மலை ஆற்று மீன்தான் உசத்தி என்று மற்ற துரைமார்கள் சொல்லித் திரிந்த காலம் அது. ஏரி மீனுக்கும் மதிப்பு உண்டு என்று நினைத்த துரை இவர்.

மற்ற துரைமார்களுக்கோ சொந்த ஊர் டிரவுட் மீன் மீதுதான் ஏக்கம். 1863-ல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் டிரவுட் முட்டைகளை ஊட்டிக்குக் கொண்டுவரப் பார்த்தார். வெற்றி கிடைக்கவில்லை. பலபேர் முயன்றார்கள். கடைசியில் வில்சன் என்பவர் வந்தார். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். இலங்கையில் இருந்து வந்த வானவில் டிரவுட்தான் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது.

அங்கே 1877-லேயே வேட்டைக்கும் மீனுக்கும் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1879-ல் சட்டமும் வந்தது. லைசென்சு வாங்கித்தான் தூண்டில் போட வேண்டும்.

டிரவுட்டை அம்பத்தூர் ஏரியில் விட்டால் என்ன என்று கேட்காதீர்கள். குளிர்ந்து ஓடும் தண்ணீரில் வாழும் மீன் அது. நம் சித்திரை வெயிலில் ஒரு பகல் தாங்காது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீமையில் ஈ கட்டுவதற்கு மிகவும் கிராக்கியாக இருந்தது எந்த இறகு தெரியுமா? நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு! மெழுகு தடவியது போல அதில் புள்ளிகள் மின்னும். கப்பல் கப்பலாகப் பறவை இறகு போனதைப் பார்த்து 1902-ல் அரசாங்கமே ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் இப்போது காட்டுக்கோழிக்குப் பாதுகாப்பு.

பிடித்ததை விடுவதா?

சீமை கிளப்புகளில் இன்று பெரிய பழக்கம், பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவது. ஏரிக்கரையில் இதைச் சொன்னால் முன்பெல்லாம் சிரிப்பார்கள். "அப்புறம் எதுக்குய்யா பிடிக்கணும்? வீட்ல மசாலா அரைச்சு வெச்சிருக்காங்க!"

சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பெரிய புராணத்தில் அதிபத்த நாயனார் கதை இருக்கிறது. நாகப்பட்டினத்து நுளைப்பாடி மீனவர். தினமும் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலிலேயே விடுவார். ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது என்றாலும் அதையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். ஒரு நாள் பொன்னும் மணியுமாக மின்னும் மீன் விழுந்தது. அதையும் விட்டார்!

இப்போது வாலிபர்களில் சிலர் மீனைப் பிடித்து, செல்போனில் படம் எடுத்து, வாட்ஸ் அப்பில் போட்டுவிட்டு, மீனைத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு முதலில் வயிறு எரியத்தான் செய்தது. இப்போது அவர்களும் சின்ன மீன் வந்தால் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு மீனை மட்டும் யாரும் திரும்ப விடுவதில்லை.

கவசம் போட்ட எதிரி

அதுதான் 'சக்கர்' மீன். தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. கண்ணாடித் தொட்டியில் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று ஆசையாக வாங்குகிறார்கள். கை அகலம் வளர்ந்ததும் தொட்டி போதாது. கொல்ல மனசு வராது. "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்! அந்தப் புண்ணியம்தான் இன்று சென்னை ஏரிகளைப் பிடித்து ஆட்டுகிறது.

உடம்பு முழுக்கத் தகடு போன்ற செதில். கொக்குக்கும் விழுங்க முடியாது. கரையில் வளை தோண்டி முட்டை இடும். வலையில் சிக்கினால் வலை கிழியும். சாக்கடைத் தண்ணீரிலும் சாகாது. வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னொரு தொல்லை. அதை வளர்க்கக் கூடாது என்று 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. தடை காகிதத்தில் இருக்கிறது. மீன் தண்ணீரில் இருக்கிறது!

அதனால் கரையில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சக்கர் மாட்டினால் அன்று எத்தனை மீன் கிடைக்காவிட்டாலும் அதைத் தண்ணீரில் போடுவதில்லை. புதிதாக வந்த பையன் தெரியாமல் விட்டால் பத்துக் குரல் ஒன்றாகக் கேட்கும். "டேய், விடாதே!"

மீன் செத்தால் யாருக்குத் தெரியும்?

மீன்பாசிக் குத்தகைக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் பல ஏரிகளில் ஒத்துப்போவதில்லை. பணம் கட்டி ஏலம் எடுத்தவர் அவர். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. சேத்துப்பட்டில் மீன்வளத்துறை 2016-ல் ஏரியைப் பூங்காவாகத் திறந்தபோது, கட்டணத்துக்குத் தூண்டில் போடவும் இடம் விட்டது. அப்படி ஒரு ஏற்பாடு எல்லா ஏரிக்கும் வந்தால் சண்டையே இருக்காது.

ஆனால் குத்தகையை விடப் பெரிய பயம் சாக்கடை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குத் தண்ணீர் போகும். அங்கிருந்து ரெட்டேரி. சங்கிலி போல ஒன்றோடு ஒன்று. மேலே ஓர் இடத்தில் கழிவு விழுந்தால் கீழே இருப்பவனுக்கும் பங்கு உண்டு. கொரட்டூர் ஏரிக் கழிவு நீர் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது ஊர் அறிந்த கதை.

கோடை முடிந்து முதல் பெருமழை பெய்யும்போதுதான் ஆபத்து. தெருச் சாக்கடை எல்லாம் ஒரே நாளில் ஏரியில் இறங்கும். அது அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். ராத்திரியில் பாசியும் செடியும் மூச்சு விடுவதால் விடியற்காலையில் வாயு ரொம்பக் குறைந்துவிடும். மீன்கள் எல்லாம் மேலே வந்து 'ப்ளக் ப்ளக்' என்று வாயைத் திறக்கும். விவரம் தெரியாதவனுக்கு ஏரி முழுக்க மீன் துள்ளுவது போலத் தெரியும். தூண்டில்காரருக்குத் தெரியும், அது துள்ளல் இல்லை, திணறல் என்று.

அந்த நேரத்தில் எந்த மீனும் இரை எடுக்காது. தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட வேண்டியதுதான். ஆபீசில் போய் அதிகாரிகள் பைல் திறப்பதற்கு முன்பே ஏரிக்கு வியாதி என்று கண்டுபிடிப்பவர்கள் இவர்கள்தான். படம் எடுத்து அனுப்புகிறார்கள். பார்ப்பவர் பார்த்தால் சரி!

சிவப்புத் திட்டு

இத்தனையையும் தாண்டி விரால் இன்னும் இருக்கிறது. காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் தாக்குப் பிடிக்கிறது. ஆனால் முன் மாதிரி இல்லை என்பதில் கிழவரும் வாலிபரும் ஒரே கட்சி.

மழைக்குப் பிறகு கோரை ஓரமாகத் தண்ணீரில் சிவப்பாக ஒரு திட்டு நகரும். எண்ணெய் சிந்தியது போல இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்! அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தத் திட்டின் மீது ரப்பர் தவளையைப் போட்டால் காவல் விரால் ஆத்திரத்தோடு பாய்ந்து வந்து கவ்வும். தப்பவே தப்பாது. பிடிப்பதற்கு அதைவிடச் சுலபமான மீன் கிடையாது. ஆனால் காவல் போய்விட்டால் குஞ்சுகளைச் சுற்றியிருக்கும் ஜிலேபிகள் கொஞ்ச நேரத்தில் தீர்த்துக் கட்டிவிடும்.

கலங்கல் பக்கம் போன வாலிபர் அப்படி ஒரு திட்டைப் பார்த்துவிட்டுத் தூண்டிலை ஓங்குகிறார். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மூங்கில் கழிப் பெரியவர் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் காட்டுகிறார்.

"பார்ப்பு இருக்கு தம்பி."

வாலிபர் பார்க்கிறார். தவளையைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடுகிறார். பெரியவர் தன் பெயிண்ட் டப்பாவை அவர் பக்கம் நகர்த்துகிறார். அன்று மத்தியானம் வரை இருவருக்கும் கிடைத்தது நாலு ஜிலேபி, ஒரு கெளுத்தி.