வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வெப் சர்வர்

கல்லூரி இறுதியாண்டில், தெரிந்தவரின் துணிக்கடைக்கு ஓர் இணைய தளம் அமைத்துக் கொடுத்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம், தள்ளுபடி விவரம் சேர்க்க, முதல் பக்க பைலை சர்வரிலேயே திறந்து திருத்தினேன். சேவ் செய்கையில் கரண்ட் போனது. பைல் பாதிதான் சர்வருக்குப் போயிருந்தது. என்னிடம் வேறு நகல் இல்லை. மீண்டும் எழுதி முடிக்கும் வரை, இரண்டு நாட்கள், தளத்திற்கு வந்தவர்கள் பார்த்தது வெள்ளைத் திரை மட்டுமே. கடைக்காரர் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அதன் பின்னர், என் கம்ப்யூட்டரில் இயக்கிப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை. இதற்கு உதவுவது எக்ஸாம்ப் என்னும் இலவசத் தொகுப்பு. அப்பாச்சி பிரெண்ட்ஸ் குழு 2002ல் தொடங்கியது. அப்பாச்சி வெப் சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ், பிஎச்பி ஆகியவை ஒரே முறையில் இன்ஸ்டால் ஆகிவிடும். சி டிரைவில் தனி போல்டரிலேயே பதியவும். புரோகிராம் பைல்ஸ் போல்டர் வேண்டாம், அங்கு பைல்களை மாற்ற விண்டோஸ் தடை செய்யும்.

கண்ட்ரோல் பேனலில் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டிற்கும் எதிரே ஸ்டார்ட் கிளிக் செய்திடவும். (உள்ளே இருப்பது மரியாடிபி, பெயர் மட்டும் பழையது.) ஹெச்டிடாக்ஸ் போல்டருக்குள் 'ஷாப்' என ஒரு போல்டர் உருவாக்கி, உங்கள் பைல்களை அதில் வைக்கவும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்/ஷாப் என ஆங்கிலத்தில் டைப் செய்தால் தளம் கிடைக்கும். இணைய இணைப்பே தேவையில்லை.

அப்பாச்சி தொடங்கிய உடனே நின்றுவிடுகிறதா? 80ஆம் எண் போர்ட்டை வேறு புரோகிராம் பிடித்திருக்கலாம். பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ். அப்பாச்சியின் கான்பிக் பைலில் லிசன் 80 என்ற வரியை 8080 என மாற்றவும். இனி முகவரியில் லோக்கல்ஹோஸ்டை அடுத்து :8080 சேர்க்க வேண்டும்.

வீட்டில் சரியாக இயங்கிய தளம், ஏற்றிய பின்னர் படங்களைக் காட்டாமல் போகலாம். பைல் பெயரில் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை. சர்வர்களில் பரவலாக உள்ள லினக்ஸ் பார்க்கும். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே அமைத்திடுங்கள். டேட்டாபேஸில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறினால், டேபிள், இணைப்பு இரண்டிலும் யுடிஎப்8எம்பி4 உள்ளதா எனப் பார்க்கவும்.

எக்ஸாம்பில் டேட்டாபேஸின் ரூட் பயனருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. எனவே இதனை இணையத்திற்குத் திறந்துவிட வேண்டாம். வாரம் ஒரு முறை, பிஎச்பிமைஅட்மினில் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து, ஷாப் போல்டருடன் பென் டிரைவில் காப்பி செய்திடவும். கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை.