குளிருக்கு வளையும், சூட்டுக்கு நிமிரும்

2019 ஜனவரியில் மூணாறில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகியது. அதே கேரளத்தின் பாலக்காட்டிலோ கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இரண்டு மண்ணிலும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஒற்றைச் செல்தான் உடம்பு. அதைப் போர்த்தியிருக்கும் சவ்வின் கொழுப்பையே அவை காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன.

மூணாறு வீடுகளில் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும். பக்கத்து பாட்டிலில் நல்லெண்ணெய் உறையாமல் நிற்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரான சங்கிலிகள். நெருக்கமாக அடுக்கிக்கொண்டு உறைகின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளிலோ இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் ஒரு வளைவு. நெருங்க முடிவதில்லை.

சவ்வுக்கும் இதே கணக்குத்தான். உறைந்தால் செல்லின் வேலைகள் நின்றுபோகும். மிஞ்சி இளகினால் உள்ளிருப்பது கசியும். ஈ.கோலை பாக்டீரியாவை 15 முதல் 43 டிகிரி வரை வளர்த்துப் பார்த்த மைக்கேல் சினென்ஸ்கி, கொழுப்பு மாறினாலும் சவ்வின் இளக்கம் ஏறக்குறைய மாறவில்லை என்று 1974இல் காட்டினார். குளிரில் வளைந்த சங்கிலிகள் கூடும், சூட்டில் நேரானவை கூடும்.

ஆனால் ஈ.கோலை புதிய சங்கிலிகளைச் செய்துதான் சேர்க்க வேண்டும். அதற்கு அது வளர வேண்டும். திடீரென்று சூடு ஏறினாலோ, பீனால் போன்ற நச்சு தாக்கிச் சவ்வை இளக்கினாலோ அதற்கெல்லாம் அவகாசம் ஏது?

இங்கேதான் சூடோமோனாஸ் புட்டிடா அசத்துகிறது. அதன் நொதி ஒன்று, சவ்வில் ஏற்கெனவே இருக்கும் வளைந்த சங்கிலியை அப்படியே நிமிர்த்திவிடுகிறது. சங்கிலியை வெட்டுவதில்லை, புதிதாக எதையும் கோர்ப்பதில்லை, இரட்டைப் பிணைப்பும் போவதில்லை. அதன் இருபுறமும் உள்ள அணுக்களின் திசை மட்டும் மாறுகிறது. செல்லின் எரிசக்தியான ஏடிபி தேவையில்லை. வளர்ச்சி நின்றுபோன செல்லிலும், சில நிமிடங்களிலேயே வேலை தொடங்கிவிடும். 1992இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பீனாலைத் தின்னும் புட்டிடாவில் இதை விவரித்தார்கள். சூடோமோனாஸ், விப்ரியோ போன்ற சில இனங்களுக்கு மட்டுமே வாய்த்த வித்தை இது.

புட்டிடாவின் உறவான சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ்தான் உரக்கடையில் டால்க் தூளோடு பாக்கெட்டில் கிடைக்கிறது. பாலக்காட்டின் சித்தூர் நெல்வயலிலும் இடுக்கியின் மிளகுத் தோட்டங்களிலும் நோய் தடுக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். அதை உரமூட்டை போலத் தகரக் கொட்டகையில் போட்டுவைப்பது பெருங்கொடுமை. பேசில்லஸ் பாக்டீரியாவைப் போல வித்தாக மாறி வெயிலைத் தாங்கும் வழி சூடோமோனாஸுக்கு இல்லை; சவ்வைச் சரிசெய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. தூள் வெள்ளையாகவே இருக்கும், உள்ளே உயிர் போயிருக்கும். போர்டோ கலவை போன்ற தாமிர மருந்தோடு கலந்து அடிப்பதும் அதைக் கொல்வதுதான்.

வாங்கும்போது காலாவதித் தேதியோடு, கடைக்காரர் அதை எங்கே வைத்திருந்தார் என்றும் கேட்க வேண்டும். கிலோ விதைக்கு 10 கிராம் கலந்தபின் நிழலில் உலர்த்தச் சொல்வதும் இந்த உயிரைக் காப்பாற்றத்தான்.