சூதுப்பொறியின் கணக்கு

புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்த் திண்ணைகளில் தாயம் ஆடுதல் நெடுங்கால வழக்கம். புளியங்கொட்டைகளை ஒருபுறம் வெண்மை தோன்றுமாறு கல்லில் தேய்த்து எடுத்துக்கொள்வர். அத்தகைய கொட்டைகள் நான்கினைக் குலுக்கி எறிகையில், வெண்புறம் ஒன்று மட்டும் மேலே நிற்பின் அது தாயம் எனப்படும். தாயம் விழுந்தாலன்றிக் காய் கட்டத்தினுள் இறங்காது. பத்து முறை எறிந்தும் தாயம் காணாத சிறுவன், "இம்முறை விழுந்தே தீரும்" என்று உரைப்பான். அவன் கூற்றில் உண்மை உண்டா?

கொட்டை ஒவ்வொன்றும் இருபுறமும் ஒத்த வாய்ப்புடையது எனக் கொண்டால், நான்கு கொட்டைகள் விழக்கூடிய வகை பதினாறு. அவற்றுள் ஒரு வெண்புறம் மட்டும் மேலே நிற்கும் வகை நான்கு. ஆகவே, தாயம் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதலாம் எறிதலிலும் அது நான்கில் ஒன்றே. பத்து முறை தவறிய பின்னர், பதினோராம் எறிதலிலும் நான்கில் ஒன்றே. கையிலிருந்து உருளும் கொட்டைக்கு முன்னை எறிதல்களின் நினைவு இல்லை. நினைவு சிறுவனுக்கே உண்டு. தேய்ப்பின் மிகுதியால் ஒருபுறமே அடிக்கடி விழும் கொட்டையும் உளதாகலாம். அதற்கும் நினைவு இல்லையென்பதில் மாற்றம் இல்லை.

கீழடி அகழாய்வில் யானைத் தந்தத்தாலாகிய பகடை கிடைத்துள்ளமையால், தமிழர் தற்செயலோடு விளையாடிய காலத்தின் தொன்மை விளங்கும். அன்று கையில் உருண்ட பகடையின் இடத்தில் இன்று கைப்பேசியின் திரையில் உருளைகள் சுழல்கின்றன. ஸ்லாட் என மக்கள் வழங்கும் இச்சூதுப்பொறியில், பணம் கட்டிப் பொத்தானைத் தொட்டவுடன் கனிகளும் மணிகளும் எண்களும் வரிசையாகச் சுழன்று நிற்கும். ஒத்த உருவங்கள் ஒரே வரிசையில் நின்றால் பரிசு. நில்லாவிடின் கட்டிய பணம் போயிற்று.

அறந்தாங்கிப் பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் இளைஞன் ஒருவன் இவ்வாட்டத்தில் ஈடுபட்டுள்ளான் எனக் கொள்வோம். அவன் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறான். எந்த நேரத்தில் எவ்வுருவம் வந்தது, எத்தனை தோல்விக்குப் பின் பரிசு விழுந்தது என்பவற்றை எழுதி, அவற்றுள் ஓர் ஒழுங்கினைத் தேடுகிறான். நள்ளிரவுக்குப் பின் பொறி மிகுதியாகக் கொடுக்கும் என்பதும், நெடுநேரம் கொடாத பொறி விரைவில் கொடுக்கும் என்பதும் அவன் கண்ட முடிபுகள்.

ஆட்டத்தினுள் மறைபொருள் ஒன்று உண்டு, அதனை அறிந்தவன் வெல்வான் என்னும் நம்பிக்கை பழமையானது. நளன் கதையை ஓதியோர் இருதுபன்னன் என்னும் அரசனை அறிவர். மரத்திலுள்ள காய்கள் இத்தனை என்று தேரில் இருந்தவாறே கூறவல்லவன் அவன். அவனுக்குத் தேரோட்டும் திறத்தை அளித்து, அவனிடமிருந்து அக்கணக்கு வித்தையைப் பெற்ற நளன், புட்கரனோடு மீண்டும் ஆடி நாட்டை மீட்டான். ஆனால் நளன் ஆடிய காய்கள் அவன் கண்முன் கிடந்தவை. இளைஞன் ஆடும் பொறியின் உள்ளே என்ன உளது?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்பவர் மூன்று உருளைகள் கொண்ட 'விடுதலை மணி' என்னும் பொறியை அமைத்தார். உருளை ஒன்றுக்குப் பத்து நிறுத்தங்கள். ஆதலின் அவை நிற்கக்கூடிய வகை ஆயிரம். அப்பொறியில் உருளையே பகடை. பின்னர் வந்த பொறிகளிலோ உருளை வெறுங்காட்சி ஆயிற்று. பொத்தானைத் தொட்ட நொடியில் கணிப்பொறி ஓர் எண்ணை எடுக்கும். முடிவு அப்போதே முற்றுப்பெறும். அதன்பின் உருளை சுழல்வது, முடிந்த முடிவினைக் காட்டுதற்பொருட்டே.

1984ஆம் ஆண்டில் டெல்னெஸ் என்பவர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் நுட்பம் கருதத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 நிறுத்தங்கள் உள்ளன எனக் கொள்க. அவற்றுள் ஒன்றில் பெரும்பரிசின் உருவம் உளது. மூன்று உருளைகளிலும் அவ்வுருவமே நிற்பது 10,648இல் ஒருமுறை என்று பார்ப்பவன் கருதுவான். ஆனால் உள்ளே உருளை ஒன்றுக்கு 64 எண்கள் வைத்து, பெரும்பரிசுக்கு அவற்றுள் ஒன்றை மட்டும் ஒதுக்கினால், உண்மை வாய்ப்பு 2,62,144இல் ஒன்றாகிவிடும். எஞ்சிய எண்களுள் பலவற்றை அவ்வுருவத்திற்கு அடுத்த வெற்றிடங்களுக்கு ஒதுக்குவதும் உண்டு. அப்போது பெரும்பரிசு மயிரிழையில் தவறியது போன்ற காட்சி அடிக்கடி தோன்றும். இளைஞன் அதனை, வெற்றி நெருங்குவதன் அறிகுறி எனக் குறிப்பேட்டில் எழுதுகிறான்.

கணிப்பொறி எடுக்கும் எண்ணேனும் தற்செயலானதா எனின், பெரும்பாலும் அன்று. அதுவும் ஒரு விதியின்படியே பிறக்கிறது. ஜான் வான் நியூமன் என்னும் கணித அறிஞர் 1940களில் கையாண்ட எளிய முறை ஒன்றனைக் காண்க. 1234 என்னும் எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 15,22,756 வரும். எட்டு இலக்கமாகும்படி முன்னே சுழியம் சேர்த்து, நடுவிலுள்ள நான்கு இலக்கங்களை எடுத்தால் 5227. அதனையும் அவ்வாறே பெருக்கி நடுவிலக்கங்களை எடுத்தால் 3215, அடுத்து 3362, அதற்கடுத்து 3030. முறையை அறியாதவனுக்கு 5227, 3215, 3362, 3030 என்பவை தொடர்பற்ற எண்கள். அறிந்தவனுக்கோ ஒவ்வொன்றும் முன்னதன் மகவு. தொடங்கும் எண்ணைக் கணிப்பொறியாளர் 'விதை' என்பர். இக்காலப் பொறிகளின் விதி இதனினும் பன்மடங்கு சிக்கலானது. நூறு முடிவுகளைக் குறிப்பேட்டில் எழுதி அதனைக் கண்டறிதல் இயலாது.

ஒருவராலும் இயலாததா? 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஒரு கூட்டத்தார் பழைய வகைப் பொறிகளின் சுழற்சியைக் கைப்பேசியால் படமெடுத்து, உருசிய நாட்டிலிருந்த தம் கூட்டாளிகளுக்கு அனுப்பினர். அவர்கள் அப்பொறிவகையின் விதியை முன்னரே ஆராய்ந்து அறிந்தவர்கள். பொத்தானை அழுத்த வேண்டிய கணத்தைக் கணித்துத் தெரிவித்தனர். சூதாட்ட விடுதிகள் இழந்தன, ஆடியோரும் பிடிபட்டனர். அவர்களுக்குக் கிட்டியது பொறியின் உள்விதி. இணையவழிப் பொறியின் விதையும் விதியும் கைப்பேசியில் இல்லை. நடத்துவோரின் தொலைதூரக் கணிப்பொறியில் உள்ளன.

ஆயினும் நேர்மையாக நடத்தப்படும் பொறியிலும் உறுதியான ஒழுங்கு ஒன்று உண்டு. ஜேக்கப் பெர்னூலியின் நூல் 1713ஆம் ஆண்டில் வெளிவந்தது முதல் அவ்வொழுங்கு கணக்கறிந்தோருக்குத் தெரிந்ததே. ஒரு சுழற்சியின் முடிவை எவரும் அறியார். பல இலட்சம் சுழற்சிகளின் சராசரியோ ஏறத்தாழ மாறாது. பொறி 100 ரூபாய்க்குச் சராசரியாக 95 ரூபாய் திருப்பித் தருமாறு அமைக்கப்பட்டது எனக் கொள்க. ஐந்து ரூபாய் சிறுதொகையாகத் தோன்றும். ஆனால் ஆடுபவன் 95 ரூபாயை எடுத்துக்கொண்டு எழுவதில்லை; அதனையே மீண்டும் கட்டுகிறான். இரண்டாம் முறையில் 90 ரூபாய் 25 காசு. பதினான்காம் முறையில் பாதிக்கும் குறைவு. நாற்பத்தைந்தாம் முறையில் சராசரியாகப் பத்து ரூபாயும் எஞ்சாது. சுழற்சி ஒன்றுக்கு நான்கு நொடியெனில் இதற்கு ஆவது மூன்றே நிமிடம். வண்டி வருமுன் முடிந்துவிடும்.

ஆயிரத்தில் ஒரு வாய்ப்புடைய பரிசு, ஆயிரம் முறை ஆடினால் கிட்டியே தீரும் என்பாரும் உளர். கணக்கு அவ்வாறு கூறவில்லை. ஆயிரம் முறை ஆடும் நூற்றுவருள் ஏறத்தாழ முப்பத்தெழுவர் அதனை ஒருமுறையும் காணார்.

வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தது ஈண்டு நினையத்தக்கது. அரசுகள் இதில் ஒருநிலையில் நின்றதில்லை. 1968ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தானே பரிசுச்சீட்டு நடத்தியது. 2003ஆம் ஆண்டில் பரிசுச்சீட்டு விற்பனையைத் தடைசெய்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை எனத் தடைப்பட்டியலினின்று நீக்கி, தற்செயல் ஆட்டங்களின் மீதான தடையை நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறன் எனவும் தற்செயல் எனவும் பாராது, இணையவழிப் பண ஆட்டம் அனைத்தையும் விலக்கியது. வெளிநாட்டிலிருந்து மறைவாக நடத்தப்படும் செயலியோ இச்சட்டங்களுக்குப் புறம்பானது. அது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தருகிறதா, தொண்ணூறு தருகிறதா, அன்றி ஒன்றும் தருவதில்லையா எனச் சோதிப்பார் எவரும் இலர். திண்ணையில் ஆடுபவனோ ஐயுற்றால் புளியங்கொட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்.