கழுத்துக் கட்டிகளும் அவற்றின் காரணங்களும்

கழுத்திலே ஒரு கட்டி தோன்றியவுடன் பலரும் வினாவுவது, "நோகின்றதா?" என்பதே. நோவில்லையெனின் கவலையுமில்லையென அமைதியடைவர். ஆயின் அவ்வமைதி எப்பொழுதும் தக்கதன்று.

கழுத்தின் இரு மருங்கும் நிணநீர்க் கணுக்கள் பல உள. பல்லிலோ தொண்டையிலோ கிருமி புகுந்தவிடத்து, அதனை எதிர்க்கும் இக்கணுக்கள் வீங்கி நோகும். நோய் தணிய, இரண்டு மூன்று கிழமைகளில் வீக்கமும் பெரும்பாலும் தணியும். கசநோயாற் பருக்கும் கணுக்களோ மெல்ல வளர்ந்து, பெரும்பாலும் நோவின்றியே நிற்கும். முன்னோர் இதனைக் கண்டமாலை என்றனர். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோரின் வாயில் உண்டாகும் புற்றுநோய் பரவும்போதும் கழுத்துக் கணுக்கள் நோவின்றிக் கடினமாதல் உண்டு.

முன்கழுத்தில், விழுங்குந்தோறும் மேலெழுந்து தாழும் கட்டி பெரும்பாலும் மூச்சுக்குழலைப் பற்றிநிற்கும் தைரொயிட் சுரப்பியைச் சார்ந்தது. உணவில் அயடீன் குறைதல் அதற்கு ஒரு காரணம். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் இவ்வீக்கம் மிகுந்திருந்தது. 1995 ஆம் ஆண்டில் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டத்தாற் கட்டாயமாயிற்று.

கட்டி எதுவுமின்றியே தொண்டையில் ஓர் உருண்டை அடைத்தாற்போல் உணர்வதும் உண்டு. மனக்கலக்கமும் இரைப்பை அமிலம் மேலெழுதலும் அதற்கு ஏதுவாகலாம். உணவு தடையின்றி இறங்குமாயின் பெரும்பாலும் அஞ்சவேண்டுவதில்லை.

எனவே, கட்டியின் நோவைக் காட்டிலும் அது நிலைக்கும் காலமே கவனித்தற்குரியது. மூன்று கிழமை கடந்தும் குறையாத கட்டியை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். குரற்கம்மலோ, விழுங்குதலில் தடையோ, உடல்மெலிவோ உடன்தோன்றின், அத்துணை நாளும் காத்திருத்தல் தகாது.