நெய்பவள் பெயரில் பங்கு

கைத்தறி வீட்டினுள்ளேயே நடைபெறும் தொழில். உலை கொதிக்கும்போதே தார் சுற்றலாம். குழந்தை உறங்குகையில் நெய்யலாம். இந்த வசதியைப் போற்றாதார் இல்லை. ஆயின், அதே வசதியினால் பெண்ணின் உழைப்பு வீட்டு வேலையோடு வேலையாகக் கரைந்துவிடுகிறது. 2019-20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டுக் கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 70 பேருக்கு மேற்பட்டோர் பெண்கள். எனினும் நாம் பார்வையிடும் சங்கங்கள் பலவற்றில் கூலி கணவர் பெயரிலேயே வரவு வைக்கப்படுகிறது.

ஒரு தறிக்கு ஓர் அங்கத்தினர் போதாதா என வினவுவர். போதும்; நெய்பவர் எவரோ அவரே அங்கத்தினராகட்டும் என்பதே நம் விடை. ஜக்கார்டு பழகுவதும், இரண்டாம் தறிக்குக் கடன் கேட்பதும், நிர்வாகக் குழுவில் அமர்வதும் வெறும் ஆசையாக நின்றுவிடாதிருக்க, பேரேட்டில் அவள் பெயர் இருந்தாக வேண்டும். பங்கில்லாதவருக்கு வாக்கில்லை, கடனுமில்லை.

1974இல் அகமதாபாதில், இலா பட் அம்மையார் தொடங்கிய சேவா சங்கத்தைச் சார்ந்த ஏறத்தாழ 4,000 பெண்கள், ஆளுக்கு 10 ரூபாய் பங்குத் தொகை செலுத்திச் சொந்தக் கூட்டுறவு வங்கி கண்டனர். காய்கறி விற்போரும் வீட்டிலிருந்தே தைப்போருமான அவர்களுள் பலருக்குக் கையொப்பமிடத் தெரியாது. அடையாளத்திற்குப் புகைப்படம் கொண்டு கணக்குத் திறந்தனர். சேமிப்பு அவரவர் பெயரில் நின்றது.

பங்கு வாங்கியதும் சமையல் குறைந்துவிடாது என்பதையும் நாம் அறிவோம். பொதுப்பேரவையை விளக்கேற்றும் வேளையில் கூட்டிவிட்டு, பெண்கள் வருவதில்லை எனக் குறைகூறுதல் முறையன்று. பிற்பகல் 2 மணிக்குக் கூட்டிப் பார்க்கலாம். ஆண்மக்கள் தார் சுற்றினால் நூல் அறுந்துவிடாது! சேர விரும்பும் சகோதரிகள் கூலிப் பட்டுவாடா நாளன்று செயலாளரிடம் மனுப் படிவம் கேட்டுப் பெறலாம். பங்குத் தொகையைக் கூலியிலிருந்து சிறிது சிறிதாகப் பிடிக்க இயலுமா என்பதையும் அப்போதே விசாரிக்கலாம்.