பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு ஒரு நல்ல போட்டோ... செஞ்சிக் கோட்டை வெயிலில் எடுப்பது எப்படி?

ராஜா தேசிங்கு ஆற்காடு நவாபுடன் போரிட்டு மடிந்தது 1714-ல். அப்போது அவருக்கு வயது 22-தான். தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் தன் குதிரையோடு இன்றைக்கும் அவர் வலம்வந்து கொண்டிருக்கிறார். ஆனால், அந்த இளைஞனின் முகத்தைப் பிடித்து வைக்க அன்று கேமரா கிடையாது.

இன்று அதே செஞ்சியில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் செல்போனில் ஆயிரம் செல்ஃபிகளாவது இருக்கும். கழுத்தைச் சாய்த்தது, நாக்கை நீட்டியது, ஃபில்டரில் நாய்க்காது வைத்தது என எல்லாமே உண்டு. 'இதுதான் 17 வயதில் நான்' என்று ஃபிரேம் போட்டு மாட்டும்படி ஒரு படம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஹால் டிக்கெட்டுக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும், கடைசி வரிசையில் பாதி முகம் தெரியும் கிளாஸ் குரூப் போட்டோவும்தான்.

அமெரிக்காவில் 12-ம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு மாணவரையும் தனியாக நிற்கவைத்துப் படம் எடுத்து, பள்ளி ஆண்டு மலரில் அச்சிடுவது பல தலைமுறைப் பழக்கம். நம் ஊரிலும் ஃபேர்வெல் டே அன்று முதல்முறையாகப் புடவை கட்டும் பெண்களும், அண்ணன் சட்டையை அயர்ன் செய்து போட்டுவரும் பையன்களும் போட்டோவுக்கு ஏங்கத்தான் செய்கிறார்கள். அந்த வீட்டிலேயே முதன்முதலாக பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை என்றால், அந்தப் படத்தின் மதிப்பே வேறு.

செஞ்சியைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஸ்டூடியோவே தேவையில்லை. மூன்று மலை, கல் மண்டபம், குளம், வயல் என எல்லாமே பக்கத்திலேயே இருக்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னங்களின் பட்டியலிலும் செஞ்சிக் கோட்டை இடம்பிடித்துவிட்டது. மராட்டியர் கால ராணுவ அரண்கள் என்று அறிவிக்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி. இவ்வளவு அழகான பின்னணி இருந்தும் படம் சொதப்புவதற்கு முதல் காரணம், வெயில்.

உச்சி வெயில் வேண்டவே வேண்டாம்

செஞ்சி இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 12 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில். அதனால் ஏப்ரல் 20-ம் தேதிக்குப் பிறகு சில நாள்களிலும், ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். 'நிழலில்லா நாள்' என்று பள்ளிகளில் செய்து காட்டுவார்களே, அதுதான். வெளிச்சம் உச்சந்தலையிலிருந்து கொட்டும்போது நெற்றியும் மூக்கு நுனியும் பளிச்சென்று தெரியும். கண் இரண்டும் புருவத்தின் நிழலுக்குள் புதைந்துவிடும். மூக்குக்குக் கீழே மீசை வைத்ததுபோல் ஒரு கறுப்பு விழும். எந்த கேமராவாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

'கோல்டன் ஹவர்' என்று போட்டோகிராபர்கள் சொல்வது சூரியன் உதித்த பிறகும் மறையும் முன்பும் வரும் பொன்வெயில் நேரத்தை. ஆனால், கோட்டை திறந்திருப்பது பொதுவாகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. கோடையில் சூரியன் மறைய மாலை 6 மணிக்கு மேல் ஆகிவிடும். ஆக, கோட்டைக்குள் பொன்வெயிலை எதிர்பார்த்தால் காவலர் விசில் ஊதி வெளியே அனுப்பிவிடுவார். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஃபேர்வெல் நடக்கும் பிப்ரவரி மாதத்திலேயே எடுத்துவிடுவது. அப்போது மாலை 4 மணிக்கு மேல் சூரியன் நன்றாகவே சாய்ந்திருக்கும். வெயில் பக்கவாட்டிலிருந்து வரும். இன்னொன்று, கோட்டைக்குள் நிழலில் எடுத்துக்கொண்டு, 5 மணிக்கு மேல் வெளியே வந்து வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ மீதிப் படங்களை எடுப்பது. மலைகள் பின்னால் தெரிய, நெல்லும் மணிலாவும் விளையும் நிலத்தின் நடுவே நிற்கும் படம் கோட்டைக்குள் எடுத்ததைவிட அழகாக வருவதும் உண்டு. நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிழல்தான் இலவச ஸ்டூடியோ

மின்விளக்கு வராத காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் கண்ணாடிக் கூரையும் பெரிய ஜன்னலும் வைத்து, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில்தான் முகங்களை எடுத்தார்கள். தமிழகத்தின் அந்தப் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேகரித்து டிஜிட்டலில் பாதுகாத்து வருகிறது. அதே வெளிச்சம் கோட்டையில் பல இடங்களில் கிடைக்கிறது.

கல்யாண மகாலைச் சுற்றியுள்ள வளைவுத் தாழ்வாரங்கள் அதற்கு நல்ல உதாரணம். பிள்ளையை வளைவின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே நிறுத்தி, முற்றத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கூரை மறைப்பதால் தலையில் வெயில் விழாது. எதிரே திறந்த வெளியிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம் முகம் முழுக்கப் பரவும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அந்தப் புள்ளி இருந்தால்தான் கண் உயிரோடு இருப்பதுபோல் தெரியும். புள்ளி தெரியவில்லை என்றால், வெளிச்சம் வரும் பக்கமாக முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள்.

நெற்களஞ்சியத்தின் வாசல் இன்னொரு அருமையான இடம். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். வாசலுக்குச் சற்று உள்ளே நின்று வெளியே பார்த்தால், பின்னணி கறுப்பாகிவிடும். முகம் மட்டும் ஓவியம்போல் எழுந்து நிற்கும். ராஜகிரி மேற்குப் பக்கம் உயர்ந்து நிற்பதால், அதன் கிழக்கு அடிவாரத்தில் மாலை நிழல் சீக்கிரமே விழுந்துவிடும். ஐந்தாறு பேர் சேர்ந்து எடுக்கும் படத்துக்கு அந்த நிழல் போதும்.

வெயிலில்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். கூந்தல் ஓரத்தில் பொன் கோடு விழும். முகம் இருட்டாகாமல் இருக்க, எதிரே ஒருவர் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையோ, வெள்ளை வேட்டியோ பிடித்துக்கொண்டால் போதும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். பச்சைப் புல்வெளி நடுவே நின்றால் தாடைக்குக் கீழே பச்சைச் சாயல் வரும் என்பதையும் கவனியுங்கள். வெளிர்நிறக் கல்தரை என்றால் அந்தத் தொல்லை இல்லை.

நிறத்தை மாற்றாதீர்கள்

"கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்று கேட்பது நம் ஸ்டூடியோக்களில் சகஜமாகிவிட்டது. இப்போது செல்போனே கேட்காமல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பியூட்டி மோடு போட்டால் மாநிறம் வெளுத்துவிடும், கன்னத்து மச்சம் காணாமல் போய்விடும். 17 வயதுப் பெண்ணின் கையில் அந்தப் படத்தைக் கொடுக்கும்போது, 'நீ இருக்கிற மாதிரி இருந்தால் போதாது' என்றும் சேர்த்தே சொல்கிறோம்.

கருமையான முகம் போட்டோவில் சரியாக விழாது என்பது பழைய கட்டுக்கதை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம், நிறம் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படத்தைத்தான் அளவுகோலாக லேப்களுக்கு அனுப்பியது. அதற்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். கறுப்பின மக்களின் முகம் தெளிவில்லாமல் விழுவது நீண்ட காலம் கண்டுகொள்ளப்படவே இல்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் 'எங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை' என்று புகார் சொன்ன பிறகே ஃபிலிமைத் திருத்தினார்கள் என்பது பதிவான செய்தி. கோளாறு முகத்தில் இல்லை, கருவியில்தான் இருந்தது.

இன்றைய கேமராக்களில் அந்தக் குறையைத் தவிர்ப்பது எளிது. வெள்ளைச் சட்டையோ வெளிர்நிறப் புடவையோ அணிந்திருந்தால், கேமரா துணியின் பளபளப்பைப் பார்த்து படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். செல்போனில் முகத்தின் மேல் விரலால் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். முகத்தில் எல்லா நிழலையும் அழிக்க வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் கன்ன எலும்பிலும் மூக்கிலும் விழும் மினுமினுப்புதான் கருமையான முகத்துக்குக் கம்பீரம் தருகிறது. பவுடரை அப்பினால் அந்த மினுமினுப்பு செத்து, முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். வியர்வையை ஒற்றி எடுக்க ஒரு பருத்திக் கைக்குட்டை போதும்.

பல நிறத் தோழிகள் சேர்ந்து நிற்கும்போது, மாநிறமும் கறுப்புமாக இருப்பவர்களை வெளிச்சம் வரும் பக்கம் நிறுத்துங்கள். வெளுத்த நிறத்தினர் மறுபக்கம் நிற்கட்டும். எல்லோர் முகமும் ஒரே தெளிவில் வரும்.

பருக்களை என்ன செய்வது? இரண்டு வாரத்தில் போகக்கூடிய பருவை எடிட்டிங்கில் எடுப்பதில் தவறில்லை. மச்சம், தழும்பு போன்றவை அவர்களுடைய அடையாளம். அதை வைப்பதா எடுப்பதா என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

கையை எங்கே வைப்பது?

இந்த வயதில் கேமரா முன்னால் நிற்கும்போது பெரிய பாரம், கைகள் இரண்டும்தான். "நல்லா நில்லு", "சிரி" என்று அதட்டினால் பிள்ளை இன்னும் விறைத்துப்போகும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். புத்தகம், சைக்கிள் ஹேண்டில்பார், கபடிக் குழுவின் கோப்பை, புடவை முந்தானை என எது அவர்களுடையதோ அதைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

• உடல் எடையை ஒரு காலில் போட்டு நிற்கச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் சமமாக நின்றால் அசெம்பிளியில் நிற்பதுபோல் இருக்கும்.

• கேமராவுக்கு நேராக நிற்காமல் தோள்களைச் சற்றே திருப்பி, முகத்தை மட்டும் கேமரா பக்கம் கொண்டுவரட்டும்.

• நிற்கக் கூச்சப்படும் பிள்ளையைப் படிக்கட்டில் உட்காரவையுங்கள். முழங்காலில் முழங்கையை ஊன்றினாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

• மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால், கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். தாடையை ஓர் அங்குலம் கீழே இறக்கினால் போதும்.

• பையன்கள் சினிமா ஹீரோ போஸ் ஒன்று நிச்சயம் கேட்பார்கள். முதலில் அதை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அது முடிந்து அவர்கள் இயல்பாகும் அடுத்த நிமிடத்தில்தான் நல்ல படம் கிடைக்கும்.

• அம்மா அப்பா கேமராவுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் சிரிப்பு வராது. நீங்கள் இருபதடி தள்ளிப்போய், ஒரு நண்பனையோ தோழியையோ பக்கத்தில் நிற்கவையுங்கள். கடைசியில் பெற்றோரோடு ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

செல்போனை முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று, '2 எக்ஸ்' வைத்து, கண் உயரத்திலிருந்து எடுங்கள். மலையைக் காட்டுகிறேன் என்று பிள்ளையை எறும்பாக்கிவிட வேண்டாம். மலை பின்னால் இருந்தால் போதும்.

கோட்டைக்குள் கவனிக்க வேண்டியவை

இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்குப் பிரச்னையில்லை. டிரைபாட், தனி விளக்குகள், டிரோன் ஆகியவற்றுக்கு முன்அனுமதி தேவை. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ராஜகிரி உச்சிக்கு ஏறுவதாக இருந்தால், மதியத்துக்குப் பிறகு அனுமதிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் நுழைவாயிலிலேயே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். படத்துக்காக உச்சி ஏறத் தேவையே இல்லை. அடிவாரத்திலேயே எல்லாம் இருக்கிறது. மதில் விளிம்பு, குளக்கரைப் பாசி, பாறை நுனி ஆகிய மூன்று இடங்களிலும் 'இன்னும் கொஞ்சம் பின்னால போ' என்ற வார்த்தையைப் போட்டோ எடுப்பவர் சொல்லவே கூடாது. தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்குகள் வந்துவிடும்.

நட்பின் நினைவாகக் கல்லில் பெயர் கீறும் ஆசையும் இந்த வயதில் வரும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெயரைப் போட்டோவின் பின்பக்கம் எழுதிக்கொள்ளட்டும்.

போட்டோகிராபரை அமர்த்தினால் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளையின் படத்தைத் தன் விளம்பரத்துக்கோ இன்ஸ்டாகிராமிலோ போடுவதற்கு பெற்றோரின் சம்மதம் வேண்டும். பிள்ளைக்கும் சம்மதமா என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில்கூடப் போடாதீர்கள்.

எடுத்த நூறு படங்களில் ஒன்றே ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அதைப் பேப்பரில் பிரின்ட் போடுங்கள். செல்போன் தொலையும், பாஸ்வேர்டு மறக்கும். காகிதப் படம் பீரோவில் இருக்கும். பின்பக்கம் பெயர், தேதி, இடம் மூன்றையும் எழுதிவையுங்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் நாளில், ஒரு பிரதியைப் பையில் வைத்து அனுப்புங்கள். இன்னொன்று வீட்டுச் சுவரில் இருக்கட்டும்.